6. இருக்கிறதா, இருக்குமா: ஸ்பானிஷில் பணிவாகக் கேட்பது

மத்ரித் நகரில் ஒரு ரொட்டிக்கடை. காலை ஒன்பது மணி. உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒன்றைக் காட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "குவான்த்தோ குவெஸ்தா, போர் ஃபபோர்?" என்ன விலை, தயவுசெய்து. இலக்கணப் பிழை இல்லை. உச்சரிப்பும் பரவாயில்லை. கல்லாவில் நின்ற அம்மா நிமிர்ந்து பார்த்து, "புவேனோஸ் தியாஸ்" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. நானும் "புவேனோஸ் தியாஸ்" சொன்ன பிறகுதான் விலை சொன்னார். எந்த ரொட்டி அன்று காலை சுட்டது, எது நேற்றையது என்பதையும் அவராகவே சொன்னார்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நான் தாண்டிப்போன ஒரு படியைக் காட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். நம் ஊரில் கடைக்காரருக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. "அண்ணே, அரைக் கிலோ தக்காளி" என்போம். அந்த "அண்ணே"தான் நம் வணக்கம். அதைச் சொல்லிவிட்டால் மரியாதை போய்ச் சேர்ந்துவிடும். ஸ்பானிஷ் பேசும் ஊர்களில் அந்த வேலையைச் செய்வது, அந்தந்த வேளைக்கான வணக்கம். கடை, மருத்துவர் அறை, லிஃப்ட், பேருந்து ஓட்டுநர் என்று எங்கே யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். காலையில் "புவேனோஸ் தியாஸ்", பிற்பகலில் "புவேனாஸ் தார்தெஸ்", இருட்டிய பிறகு "புவேனாஸ் நோச்செஸ்". ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு மணியை ஒட்டித்தான் நடக்கும். அதனால் ஒரு மணிக்குக்கூட "புவேனோஸ் தியாஸ்" காதில் விழும். குழப்பமாக இருந்தால் வெறும் "புவேனாஸ்" போதும், எந்த நேரத்துக்கும் பொருந்தும்.

இந்த நூலில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். "புவேனோஸ்" என்பதில் வரும் பு, "புத்தி"யில் வரும் பு. "தியாஸ்" என்பதில் வரும் தி, "தினம்" என்பதில் வரும் தி. சொல்லின் நடுவில் வரும் த-வை "அது" என்பதில் வருவதுபோல மென்மையாகச் சொல்லுங்கள். "புவேதோ" அப்படியே சரியாக வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த ஒலிக்கு வெகுநாள் திண்டாடுவார்கள், நமக்கோ அது நாக்கிலேயே இருக்கிறது. "த்த்" என்று எழுதியிருக்கும் இடத்திலும், ஸ்-ஐ அடுத்து த வரும் இடத்திலும் மட்டும் "பத்து" என்பதுபோல வல்லினமாகச் சொல்லுங்கள்.

எதிரில் இருப்பவர் வேறு வேலையில் இருந்தால், வழியில் நடந்து போய்க்கொண்டிருந்தால், வணக்கத்தோடு "திஸ்கூல்பே" அல்லது "பெர்தோனே" சேர்த்துக்கொள்ளுங்கள். மன்னிக்கவும், ஒரு நிமிஷம் என்பதுதான் பொருள். அவர் நின்று உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு கேளுங்கள்.

தமிழ் வழியாகப் போங்கள்

நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகக் கற்கிறோம். மனத்தில் தமிழ் வாக்கியம், அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு ஸ்பானிஷுக்கு மாற்றுவது. இந்தச் சுற்றுவழியில் மரியாதைதான் முதலில் சிந்திப் போகிறது. பணிந்து கேட்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் கருவிகளும் ஸ்பானிஷ் வைத்திருக்கும் கருவிகளும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. நடுவில் இருக்கும் ஆங்கிலத்தில் அவற்றில் பாதி இல்லை.

முதல் கருவி நீங்களே அறிந்தது: நீ, நீங்கள். ஸ்பானிஷில் "தூ", "உஸ்தெத்". ஆங்கிலம் பேசுகிறவருக்கு இந்த வேறுபாட்டை ஒரு பாடமாகவே நடத்த வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. தெரியாதவர், வயதில் மூத்தவர், மருத்துவர், காவலர், வீட்டு உரிமையாளர் எல்லோரும் உஸ்தெத். உங்களிடம் "நீங்கள்" வாங்குகிறவர்தான் உஸ்தெத் வாங்குகிறவரும் என்று வைத்துத் தொடங்குங்கள், பெரும்பாலும் தப்பாது.

ஆனால் வினைச்சொல்லில் கவனம் வேண்டும். உஸ்தெத் என்பது "புவேஸ்த்ரா மெர்சேத்" என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல். "தங்கள் கருணை" என்பதுபோல ஒரு தொடர். எதிரில் இருப்பவரை நேராக "நீ" என்று சுட்டாமல் அவருடைய கருணையைச் சுட்டியதால், வினை படர்க்கையில் வந்தது. இன்றும் அப்படித்தான். "புவேதெஸ்" என்றால் உன்னால் முடியும். "புவேதே" என்றால் அவரால் முடியும் என்றும் பொருள், உங்களால் முடியும் என்றும் பொருள். நம்முடைய "தாங்கள்" கூடப் பழைய வழக்கில் படர்க்கைச் சொல்தான், பிறகே முன்னிலை மரியாதைக்கு வந்தது. அதனால் இந்த ஏற்பாடு நமக்கு அந்நியம் இல்லை.

கற்கிறவர்கள் வழுக்கி விழுவது கலப்பில். "திஸ்கூல்பே" என்று மரியாதையாகத் தொடங்கிவிட்டு, அடுத்த மூச்சில் "மே புவேதெஸ் தெசீர்..." என்று போய்விடுவார்கள். "மன்னிக்கணும் ஐயா, நீ எங்கே போற?" என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். திஸ்கூல்பே என்றால் புவேதே. "திஸ்கூல்பா" என்றால் புவேதெஸ். இரண்டு ஜோடிகளையும் தனித்தனியாக, பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்பெயினில் "தூ" வெகு சீக்கிரம் வந்துவிடும். கடையில் வேலை செய்யும் இளைஞர் முதல் வாக்கியத்திலேயே உங்களைத் தூ என்பார், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. வயதானவர்கள்கூட "தூ என்றே சொல்லுங்கள்" என்பார்கள், அதற்கென்று "துத்தெயார்" என்று ஒரு வினைச்சொல்லே உண்டு. அவர்கள் இறங்கி வந்தால் நீங்களும் இறங்கலாம். நீங்களாக முதலில் இறங்காதீர்கள்.

இரண்டாவது கருவிதான் இந்த அத்தியாயத்துக்குத் தலைப்பானது. பேருந்தில் நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பீர்கள்? "சில்லறை இருக்கா?" என்றால் நேர்க் கேள்வி. "சில்லறை இருக்குமா?" என்றால் கொஞ்சம் தணிந்த கேள்வி. இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்ற இடம் அதில் இருக்கிறது. இப்போது இருப்பதைப் பற்றித்தான் கேட்கிறோம், ஆனால் வினையை எதிர்காலத்தில் வைக்கிறோம். ஸ்பானிஷும் இதையே செய்கிறது. "தியேனே காம்பியோ?" என்றால் சில்லறை இருக்கிறதா. "தென்த்ரா காம்பியோ?" என்றால் சில்லறை இருக்குமா. தென்த்ரா என்பது எதிர்கால வடிவம். ஆங்கிலத்தில் இதை இப்படியே சொல்ல வழியில்லாததால் பல பாடப்புத்தகங்கள் இதைக் கடைசிப் பாடங்களுக்குத் தள்ளிவிடுகின்றன. நீங்கள் முதல் வாரத்திலேயே எடுத்துப் பயன்படுத்தலாம். துணிக்கடையில் "இதைவிடச் சின்ன சைஸ் இருக்காதா?" என்று எதிர்மறையில் கேட்போமே, அதுவும் அங்கே உண்டு: "நோ தென்த்ரா ஊனா தாயா மாஸ் பெகேன்யா?"

மூன்றாவது, இறந்தகாலம். ஒருவரிடம் தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கும்போது "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்கிறோம். கேட்க விரும்புவது இப்போதுதான், ஆனால் விருப்பத்தை நேற்றைக்குத் தள்ளி வைத்தால் அதன் அழுத்தம் குறைகிறது. ஸ்பானிஷில் "கியேரோ" என்றால் வேண்டும். "கெரீயா" என்றால் வேண்டும் என்று இருந்தேன். "கெரீயா ப்ரெகுன்த்தார்லே ஊனா கோசா" என்றால், உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அரசு அலுவலக ஜன்னலில் இந்த ஒரு வாக்கியத்தோடு தொடங்குங்கள். இன்னும் பணிவு வேண்டுமென்றால் "கிசியேரா" இருக்கிறது, எழுத்திலும் மரியாதைக்குரிய இடங்களிலும் பொருந்தும்.

பிறகு "சொல்ல முடியுமா": "மே பொத்ரீயா தெசீர் தோன்தே எஸ்தா லா எஸ்தசியோன்?" ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா. "தெரியுமா" என்று கேட்பதும் நம் வழக்கம்தான், அவர்களுக்கும் அதுவே வழக்கம்: "சாபே சி அய் ஊனா ஃபர்மாசியா போர் அகீ?" இங்கே பக்கத்தில் மருந்துக்கடை இருக்கிறதா, தெரியுமா? நாம் சேர்க்கும் "கொஞ்சம்", "ஒரு நிமிஷம்" எல்லாவற்றுக்கும் அங்கே "-இத்தோ" விகுதி இருக்கிறது. மொமென்த்தோ என்பது மொமென்த்தீத்தோ ஆகும், ப்ரெகுன்த்தா என்பது ப்ரெகுன்த்தீத்தா ஆகும். ஒரே ஒரு சின்னக் கேள்வி.

தமிழ் காலை வாரும் இடங்கள்

மூன்று இடங்களில் தமிழை நம்பினால் தவறு வரும்.

பெரிய பள்ளம் நம்முடைய "கேள்". எண்ணிப் பாருங்கள். கேள்வி கேட்கிறோம். கடன் கேட்கிறோம். பாட்டுக் கேட்கிறோம். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒரே வினை இத்தனை வேலை செய்கிறது. ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். தகவலைக் கேட்க "ப்ரெகுன்த்தார்". பொருளையோ உதவியையோ கேட்க "பெதீர்". பாட்டுக் கேட்க "எஸ்குச்சார்". சொன்னதைக் கேட்டு நடக்க "அசேர் காசோ". உணவகத்தில் காபி கேட்கப் போய் ப்ரெகுன்த்தார் என்று சொன்னால், காபியைப் பற்றி ஏதோ விவரம் வேண்டும் என்று நினைத்துப் பரிமாறுகிறவர் காத்திருப்பார். காபி, பில், அனுமதி, மன்னிப்பு எல்லாமே பெதீர். விலை, வழி, நேரம் என்றால் ப்ரெகுன்த்தார். ஒருவரைப் பற்றி விசாரிப்பதற்கு ப்ரெகுன்த்தாரோடு "போர்" சேர்த்துக்கொள்ள வேண்டும். கையில் ஏதாவது வந்து சேர வேண்டுமென்றால் பெதீர், காதில் வந்து சேர வேண்டுமென்றால் ப்ரெகுன்த்தார் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் தடுமாறி நான் பார்த்ததில்லை.

இதே பள்ளத்தின் இன்னொரு ஓரம்: "கேள்வி கேட்க" என்பதை நேராகப் பெயர்த்து "ப்ரெகுன்த்தார் ஊனா ப்ரெகுன்த்தா" என்று சொல்லிவிடுவது. ஸ்பானிஷில் கேள்வியைக் கேட்பதில்லை, செய்கிறார்கள். "அசேர்" என்றால் செய். "லே புவேதோ அசேர் ஊனா ப்ரெகுன்த்தா?" உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா? இந்த வாக்கியத்தை இப்படியே மனத்தில் பதிய வையுங்கள். கற்கிறவருக்கு அன்றாடம் உதவுவதில் இதற்கு இணை இல்லை.

இரண்டாவது "என்ன". பெயர் என்ன, முகவரி என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று எல்லாவற்றுக்கும் ஒரே "என்ன" போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் "கே எஸ் சு தோமிசீலியோ?" என்று கேட்டால், முகவரி என்றால் என்ன பொருள் என்று கேட்பதுபோல ஆகிவிடும். பலவற்றுள் உங்களுடையது எது என்று கேட்கும் இடங்களில் "குவால்" வர வேண்டும். "குவால் எஸ் சு தோமிசீலியோ?", "குவால் எஸ் லா திஃபெரென்சியா?" ஒரு சொல்லின் பொருளைக் கேட்கும்போது மட்டும் கே: "கே சிக்னிஃபீகா...?"

மூன்றாவது, குரல். தமிழில் "ஆ" சேர்த்தவுடன் கேள்வி பிறந்துவிடுகிறது. குரல் ஏறினாலும் ஏறாவிட்டாலும் "ரொட்டி இருக்கா" என்பது கேள்விதான். ஸ்பானிஷில் "அய் பான்" என்றால் ரொட்டி இருக்கிறது. ரொட்டி இருக்கிறதா என்பதும் அதே "அய் பான்"தான், கடைசியில் குரலை உயர்த்த வேண்டும். சொல்லில் அடையாளம் இல்லாததால்தான் எழுத்தில் முன்கூட்டியே எச்சரிக்கை வைக்கிறார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழாக நிற்கும் ¿ குறியை ஸ்பானிய அரசக் கழகம் 1754-இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் விதியாக்கியது. வாசிக்கிறவருக்கு அந்தக் குறி செய்யும் உதவியைக் கேட்கிறவருக்கு உங்கள் குரல் செய்ய வேண்டும். குரல் தட்டையாகவே இருந்தால் கடைக்காரரிடம் "ரொட்டி இருக்கிறது" என்று நீங்கள் அறிவித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான்காவதாகவும் ஒன்று சொல்லலாம், அது மொழியைவிட வழக்கத்தைச் சேர்ந்தது. "சாப்பிட்டாச்சா?" என்பது நமக்கு நலம் விசாரிப்பு. அங்கே கேட்டால் சாப்பிட அழைக்கிறீர்கள் என்று நினைக்கலாம். வயது, சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றியெல்லாம் புதிதாகப் பார்த்தவரிடம் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால் "சி நோ எஸ் இன்திஸ்க்ரெசியோன்" என்று முன்னால் போடுங்கள், தவறாக நினைக்காவிட்டால் என்று பொருள். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்பதில் தடையில்லை: "ஆ கே சே தெதீகா?"

மொழியைப் பற்றியே கேட்பது

கற்கிறவர் கேட்கும் கேள்விகளில் பாதி, அந்த மொழியைப் பற்றியதாகவே இருக்கும். முதலில் "எஸ்தோய் அப்ரென்தியேன்தோ எஸ்பன்யோல்" என்று சொல்லிவிடுங்கள். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் உடனே வேகத்தைக் குறைப்பார்கள். குறைக்காவிட்டால் "புவேதே அப்லார் மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபபோர்?" சொல் தெரியாதபோது "கோமோ சே தீசே எஸ்தோ?" என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள்.

புரியவில்லை என்றால் "நோ என்தியேன்தோ" என்று கையை விரித்துவிடாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு எதிலிருந்து மறுபடி தொடங்குவது என்று தெரியாது. பிடிபட்ட பகுதியைத் திருப்பிச் சொல்லி, பிடிபடாததைக் கேள்வியாக்குங்கள். வழி சொன்னவரிடம் "லா செகூன்தா காயே... ஆ லா தெரேச்சா?" இரண்டாவது தெரு... வலப்பக்கமா? அவர் தலையசைத்தால் போதும், வேலை முடிந்தது.

இன்னொன்று, இது நான் வெகு தாமதமாகக் கற்றுக்கொண்டது. இலக்கணத்தை ஏன் என்று கேட்காதீர்கள். "இரு" என்ற பொருளில் வரும் இரண்டு வினைகளைக் காட்டி, "இங்கே ஏன் சேர், அங்கே ஏன் எஸ்தார்?" என்று கேட்டால் நல்ல மனிதர்கள்கூடத் திகைத்துப் போவார்கள். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று உங்களை வழியில் நிறுத்தி ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? எழுதும்போது சரியாக எழுதிவிடுவீர்கள், விதி சொல்லச் சொன்னால் வாய் வராது. அவர்களுக்கும் அதே நிலைதான். ஆகவே இரண்டு வாக்கியங்களையும் நீங்களே செய்துகொண்டு போய், எது சரி என்று கேளுங்கள். "சே தீசே எஸ்தோய் அபுர்ரீதோ, ஓ சோய் அபுர்ரீதோ?" எதிரில் இருப்பவர் சிரித்தபடி, முதலாவது உனக்குச் சலிப்பாக இருக்கிறது என்பது, இரண்டாவது நீயே சலிப்பூட்டும் ஆள் என்பது என்று உடனே பிரித்துக் காட்டிவிடுவார். ஒரு பக்க விளக்கத்தைவிட அது நிற்கும். வாக்கியமே தோன்றாவிட்டால் "உஸ்தெத் கோமோ லோ திரீயா?" நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? அவரை ஆசிரியராக உட்கார வைக்காமல், அவருடைய பேச்சைக் கடன் கேட்கிறீர்கள். அதை யாரும் மறுப்பதில்லை.

பேசி முடித்ததும் "எஸ்தா பியேன் தீச்சோ?" என்று கேட்டால், சொன்னது சரியா என்று பொருள். நீங்களாகக் கேட்காவிட்டால் மரியாதை கருதிப் பலர் திருத்த மாட்டார்கள்.

நாட்டுக்கு நாடு

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஓர் ஊரின் பணிவு இன்னோர் ஊரில் விறைப்பாகவோ விசித்திரமாகவோ படும். ஸ்பெயினின் காபிக்கடைகளில் "மே போனெஸ் ஊன் கஃபே?" என்று, எனக்கு ஒரு காபி போடுகிறாயா என்பதுபோல, சாதாரணமாகக் கேட்பார்கள். அதைக் கேள்வியாகக் கேட்பதே அங்கே மரியாதை. பில்லுக்கு "குவான்தோ புவேதாஸ்" என்று சேர்ப்பார்கள், உனக்கு முடியும்போது. கொலம்பியாவில் போய் இப்படிக் கேட்டால் வெடுக்கென்று இருக்கும். அங்கே "மே ரெகாலா ஊன் தின்த்தோ?" என்பார்கள். ரெகாலார் என்றால் பரிசளிப்பது. பரிசு கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கப் போகிறார்கள், ஆனாலும் அப்படித்தான் கேட்கிறார்கள். கொலம்பியாவில் தின்த்தோ என்றால் கடுங்காப்பி, ஸ்பெயினில் சிவப்பு வைன் என்பதையும் நினைவில் வையுங்கள். பொகோத்தாவில் நண்பர்களும் உடன்பிறந்தவர்களும்கூட ஒருவருக்கொருவர் உஸ்தெத் சொல்வதைக் கேட்கலாம்.

மெக்சிகோவில் காதில் விழாதபோது பெரியவர்களிடம் "கே?" என்று கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் வீடுகள் உண்டு. "மான்தே?" என்பார்கள். அர்ஜென்டினாவில் தூ இருக்கும் இடத்தில் "போஸ்" இருக்கும், புவேதெஸ் அங்கே "பொதேஸ்" ஆகும். பெரு, பொலிவியா சந்தைகளில் காய் விற்கும் அம்மாவை "கசெரீத்தா" என்று அழைத்து விலை கேட்பார்கள். அவரும் வாடிக்கையாளரை அப்படியே அழைப்பார். நம் "அக்கா"வுக்கு மிக அருகில் வரும் சொல் இது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஸ்பெயினில் பேருந்து பிடிக்க "கொகேர்" என்ற வினை அன்றாடச் சொல். (நடுவில் வரும் கெ, "ஹெ"யைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொன்னதுபோல ஒலிக்கும்.) மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கொச்சையான ஆபாசச் சொல். "தொமார்" என்றே எங்கும் சொல்லுங்கள், எல்லா நாட்டிலும் பாதுகாப்பு.

ஸ்பெயினின் சந்தைகளுக்குப் போனால், மீன் கடை முன்னால் நாலைந்து பேர் வரிசையே இல்லாமல் சிதறி நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒருவர் மீனைப் பார்ப்பார், ஒருவர் ஃபோனைப் பார்ப்பார். யாருக்குப் பிறகு யார் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நேராகப் போய்க் கடைக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். நிற்பவர்களைப் பொதுவாகப் பார்த்து, குரலைக் கடைசியில் உயர்த்தி, "புவேனோஸ் தியாஸ். கியேன் எஸ் எல் ஊல்த்திமோ?" என்று கேளுங்கள். கடைசி ஆள் யார்? ஒரு கை உயரும், அல்லது ஒரு குரல் வரும். அவருக்குப் பின் நீங்கள். இனி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், உங்கள் முறை பத்திரமாக இருக்கும். மீன் விலையை எப்படிக் கேட்பது என்று மனத்தில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நாளுக்கு நாள் மாறும் விலைக்கு "ஆ குவான்த்தோ எஸ்தா...?" என்று எஸ்தார் போட வேண்டும். அதற்குள் கூடையோடு இன்னொருவர் வந்து, அதே கேள்வியை எல்லோரிடமும் கேட்பார். இப்போது கடைசி ஆள் நீங்கள். அவரைப் பார்த்து "யோ" என்று சொல்லுங்கள்.